நாற்பத்தொன்று

ரெம்சி பே எனக்குத் தந்த பம்பின் அடித்தட்டில்
41 என்று உளியால் கொத்தியிருக்கும்.
விலை எவ்வளவு என்றேன்.
"சர்க்கரைபீட் லாரி ஏறட்டும், அப்புறம் பார்ப்போம்."
சிகரெட் அட்டையின் பின்புறம் என் பெயரை எழுதிக்கொண்டார்,
எழுத்துப்பிழையோடு.

அப்போது அவரிடம் இருந்தது
ஒரு தகரக் கொட்டகை, இரவல் வெல்டிங் கருவி,
நசுங்கிய டிராக்டர்களிலிருந்து உருவிய அச்சுகள்.
கோன்யாச் சமவெளியில் எங்கள் பக்கம்
ஆடு மேய்ந்த தரையும் மானாவாரிக் கோதுமையும்தான்.
முதல் நாள் தண்ணீர் பீறிட்டபோது
ஃபெரிதே காலணியோடு உள்ளே இறங்கி நின்றாள்.

முப்பது ஆண்டு. கொட்டகை
மூன்று புகைபோக்கி ஆனது. எங்கள் கிழங்கு
ஆலைக்குப் போய்ச் சர்க்கரையாகி
மகளின் கல்யாணமாகித் திரும்பியது.
கிணறு மட்டும் ஒவ்வோர் ஆண்டும்
கூடுதலாக ஒரு குழாய் கேட்டது.

போன மார்ச்சில், விடியலுக்கு முன்,
வயலின் நடுவே நிலம் உள்வாங்கியது,
ஒரு மசூதியே இறங்குமளவு, சுத்தமான வட்டமாக.

ரெம்சி பே வந்தார். காரோட்டியைத் தூர நிற்கச் சொன்னார்.
விளிம்பில் குப்புறப் படுத்து
ஒரு கல்லைப் போட்டுக் காதுகொடுத்தார்.
எழுந்தபோது கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை.

மறுவாரம் ஆள் வந்தது, 41-ஐக் கழற்ற.
பதிலுக்குச் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள்,
ஒரு தண்ணீர் மீட்டர்.
அதன் முதுகில் கோணலாக 1.
விலை கேட்டு ஃபோன் செய்தேன்.
"கொண்டைக்கடலை போடு. அப்புறம் பார்ப்போம்."

கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறான்
பக்கத்து வயல் இல்ஹான்.
அவன் பம்பு இன்னும் ஓடுகிறது.
இரவில் தலையணையில் காது வைத்தால்
கேட்கிறது.