பின் விளக்கு

ஐப்பசி. அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவிலுக்கு
மோட்டார்சைக்கிளில் வரும்போதே
வயல் பக்கம் வானம் கறுத்துவிட்டது.
நேசமலர் கடப்படியிலேயே மறித்தாள்.
"தம்பி இஸ்ஸதீன், தூசி தட்ட வந்ததெண்டு சொல்லுங்க.
ரீவி பழுதெண்டு அவருக்குத் தெரியா."

உள்ளே ஏரம்பமூர்த்தி பிளாஸ்டிக் கதிரையில்,
சீனி வருத்தம் தின்ற கண்களோடு
திரையைப் பார்த்தபடி.
இல்லை, திரை இருக்கும் பக்கம் பார்த்தபடி.

சத்தம் இருந்தது. படம் இல்லை.
டோர்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சரித்து அடித்தேன்.
இருட்டுக்குள் மங்கலாய் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.
படம் சாகவில்லை.
பின்னால் எரியும் விளக்குத்தான் செத்திருந்தது.

ஆடித் தீர்த்தம் முடிந்த கிழமை போனதாம்.
சின்னவன் கட்டாரிலிருந்து காசு அனுப்பும் வரைக்கும்
மூன்று மாதம், ஒவ்வொரு இரவும்,
கறுத்த கண்ணாடிக்கு முன் இருந்து
அவள் அவருக்குப் படம் சொல்லியிருக்கிறாள்:
இந்தா படியிறங்குறாள், சிவப்புச் சீலை.
இந்தா மாமி கதவுக்குப் பின்னால நிக்கிறா.

பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா இருந்தேன்.
வயரைப் பிடுங்கினாலும்
உள்ளே தேங்கிய கறண்ட் உடனே போகாது.
என் பெருவிரல் ஒருமுறை படித்த பாடம்.

கடல் கூப்பிடு தூரம். ஆணியெல்லாம் துரு,
போர்டில் உப்புப் பூத்து,
மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு.
ஈரத்துணியால் துடைத்த தண்ணீர்
கீழ் விளிம்பால் இறங்கிய தடமும் கிடந்தது.

கண்ணாடியைத் தூக்க நாலு கை வேணும்.
நேசமலர் தேத்தண்ணிக்குப் பால்மா வாங்கப் போயிருந்தாள்.
"நான் பிடிக்கிறன்" என்றார் ஏரம்பமூர்த்தி.
"அப்பளம் மாதிரி ஐயா, நொறுங்கிப்போகும்."
"அப்ப ரெண்டு பேரும் மூச்சுவிடாம தூக்குவம்."

பாயில் விரித்த போர்வையில் இறக்கினோம்.
அவர் கைதான் என் கையைவிட ஆடாமல் இருந்தது.
"லைட்டுத்தானே போன?" என்றார்.
நான் தூசி என்று தொடங்கினேன்.
"படுக்க முன்னம் நான்தான் நிப்பாட்டுற மகன்.
கண்ணாடியத் தடவித்தான் சுவிச்சுக்குப் போற.
ஆடியிலிருந்து அதில சூடில்ல."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"நாடகத்தில ஒரு ஆளும் சிரிக்கிறேல்ல.
இவள் சொல்லுறதில சிரிக்காங்க."
பிறகு, கடப்படிச் சத்தம் கேட்டு, அவசரமாய்:
"அவளிட்டச் சொல்லிப்போடாத."

மூன்று பட்டியில் ஒரு குமிழ் வெந்திருந்தது.
மூன்றையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால்
அடுத்தது அடுத்த மாதம் கூப்பிடும்.
சுவர் பொள்ளல் கல். முன்பு அடித்தவன்
வெறும் ஆணியை நம்பியிருக்கிறான்.
அகல விரியும் பிளக் போட்டு, பிராக்கட்டில் தொங்கி
என் பாரத்தையே கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வெளிச்சத்தை அறுபதில் வைத்தேன்.
"முழுசா ஏத்த வேணாம். துடைக்கிறதுக்குக் காய்ஞ்ச துணி,
நிப்பாட்டி, ஆறினதுக்குப் பிறகு" என்றேன்.
அவள் கேட்கவில்லை.
திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்,
அந்நியரின் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்தவள் மாதிரி.

"சொல்லன்" என்றார்.
"படியிறங்குறாள்... பச்சைச் சீலை."
"நேத்துச் சிவப்பெண்டாய்."
"மாத்திட்டாள்."
அதோடு இருவரும் பேசவில்லை.
ரீவி மட்டும் பேசியது.

பில்லில் தூசி தட்டல் என்று எழுதி
விளக்கின் காசைப் போட்டேன்.
சாகாமம் பக்கம் முதல் இடி.
"பிளக்கக் கழட்டுங்க. அன்டனா வயரையும்.
சுவிச்ச நிப்பாட்டினா மட்டும் காணாது."
நான் சொல்லி முடிக்குமுன் கழற்றிவிட்டாள்,
இவ்வளவு நேரமும் அதற்கே காத்திருந்தவள்போல.

வாசலில் மழைக்கோட்டுக்குள் கை நுழைக்கிறேன்.
உள்ளே இருட்டில் ஒரு கதிரை இழுபடுகிறது.

"இந்தா, திரும்பிப் பார்க்காள்.
சிவப்புத்தான்."