வடக்கு எல்லை

நீர்மட்டப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில்
ஒரு சூரிய கிரகணத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூணாறு தலைப்பு. இரவுப் பணி.
ஷட்டர்களுக்கு அடியில்
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இரைச்சல்.

எங்கள் யாருக்கும் கிடைக்காத கிரகணம் அது.
பிறக்கப்போகிறவர்களுக்குப் பிறக்கப்போகிறவர்கள்
ஓர் ஆனி மாதப் பகலில் அண்ணாந்து பார்ப்பார்கள்.
நிழல் எங்கே விழும், எத்தனை விநாடி நிற்கும்?
அதற்கு ஒரு கால்குலேட்டர், ஒன்பது இலக்கம்,
நிறைய அடித்தல் திருத்தல்.

முதல் முறை
கிழக்கு நெடுங்கோட்டுக்குக் கழித்தல் குறி போட மறந்தேன்.
நீடாமங்கலம்
பனாமாவுக்கு வடக்கே நடுக்கடலில் போய் உட்கார்ந்தது,
ரயில்வே கேட்டோடு.

இரண்டாம் முறை ஒத்துவந்தது.
கல்லணையிலிருந்து முத்துப்பேட்டைக்குத்
தண்ணீர் போக ஆறு நாள், முறை வைத்தால் எட்டு.
நிழலுக்கு இரண்டரை நிமிடம்.
கடைமடைக்காரர் யாரும் அதற்காக
சாலையில் உட்கார வேண்டியதில்லை.

ஆனால் அதன் வடக்கு எல்லை
கோரையாற்றை ஒட்டியே விழுகிறது.
தென்கரைக்குப் பதினோரு விநாடி முழு இருட்டு.
வடகரைக்கு நகக்கீறல் அளவு சூரியன் மிஞ்சும்.
அந்தக் கீறல் போதும்,
பகல் பகலாகவே இருந்துவிடும்.

லஸ்கர் உத்திராபதி
டீ கிளாஸைச் சரியாகக் கோட்டின்மேல் வைத்துவிட்டுக் கேட்டார்:
"வடகரை ஆளுங்க சும்மா விடுவாங்களா மேடம்?"

விடமாட்டார்கள்.
நானும் அந்தக் கோட்டை முழுக்க நம்பவில்லை.
நிலவின் விளிம்பு சுத்த வட்டமில்லை, மேடும் பள்ளமும்;
ஒரு பள்ளத்தில் வெயில் கசிந்தால் பதினொன்று ஏழாகும்.
அதைவிடப் பெரிய பிசகு பூமி.
சுற்றுவதில் சுணங்கிக்கொண்டே வருகிறது.
அந்த ஆனிக்குள் எவ்வளவு சுணங்கியிருக்கும் என்பது
எந்த வாய்பாட்டிலும் இல்லை.
ஒரு நிமிடம் கூடுதலாகப் பிந்தினால்
இருபத்தேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விடும் என் கோடு.
கோரையாறும் அதுவரை
இங்கேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே.

"அன்னைக்கு ஆத்துல தண்ணி இருக்குமா,
அதச் சொல்லுங்க" என்றார் உத்திராபதி.

தொலைபேசி அடித்தது.
முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்,
தூங்காத குரல்:
தண்ணி இன்னும் வரலை.
நாளைக்கு வந்துடும், என்றேன்.
நாளைக்கு எத்தனை மணிக்கு?

பதிவேட்டை முன்பக்கம் திருப்பினேன்.
இரவு 2.40.
மூன்றாம் ஷட்டர், முக்கால் அடி.