நானூற்று நாற்பத்து நான்கு நாள்

பத்தரை மணிக்கே பனிமூட்டம் கவுன்ட்டர் வரை வந்துவிட்டது.
கோத்தகிரிக் கிளையில் கதவைச் சாத்தினால்
வாடிக்கையாளரை விரட்டுகிறோம் என்று புகார் எழுதுவார்கள்.
திறந்து வைத்தால் பாஸ்புக் பிரின்டர் ஈரம் பிடித்து இருமும்.
திறந்துதான் வைத்திருந்தேன்.

எப்சிபா சிஸ்டர் வந்தார்.
மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம்,
இரவுப் பணியை மட்டும் கூட்டினால் பதினொன்று என்பார்.
பென்ஷன் இல்லாத வேலை.
அனுப்பிவைத்த நாளில் கொடுத்ததும்
காதிலும் கழுத்திலும் போடாமல் விட்டதும் சேர்ந்த
பன்னிரண்டு லட்சம்
அன்றைக்கு முதிர்ந்திருந்தது.
முதிர்வு, எங்கள் தொழிலில் நல்ல சொல்.

ஏழே முக்கால் இருந்தது சிஸ்டர், இப்போது ஆறரை.
மூத்த குடிமக்களுக்கான அரை சதவீதம் அதிலேயே அடக்கம்.

என் கால்குலேட்டரை நான் தேடுவதற்குள்
நாடி பிடிக்கிறவர் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
சொல்லிவிட்டார்:
"மாசம் ஆயிரத்து இருநூத்தம்பது குறையுது."
"ஆமாம்."
"எதுக்காம்?"
"வளர்ச்சிக்கு."
வட்டி இறங்கினால் கடன் வாங்குவார்கள்,
வாங்கினால் கட்டுவார்கள், கட்டினால் வேலை வரும் என்று
பயிற்சி வகுப்பில் கேட்டதை ஒப்பித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, பனி விலகும்போதெல்லாம்,
எதிர்ச் சரிவில் கண்ணாடி மாட்டும் விடுதி தெரிந்தது.
அந்தக் கோப்பு என் மேஜை வழியாகப் போனதுதான்.

சிஸ்டரிடம் நீல அட்டை நோட்டு ஒன்று உண்டு.
கேஸ், பிரஷர் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து,
ஊர் ஜீப்புக்கு ஆள் கூலி,
தேதியோடு, சிவப்பு மையில் ஏறியது மட்டும்.
விலைவாசி கட்டுக்குள் இருக்கும் நாடு
செய்தித்தாளில் இருந்தது.
நோட்டில் இருந்தது இன்னொன்று.

"அக்கா மவன் ரூபன் நேத்து வர்க்கி வாங்கிட்டு வந்தான்.
பிக்கப் வண்டித் தவணை குறைஞ்சிருக்காம்,
எழுபத்து மூணு ரூவா.
சந்தோஷந்தான், கேரட் ஏத்திக்கிட்டு
ராத்திரில மேட்டுப்பாளையம் எறங்குற புள்ள.
ஆனா தம்பி,
எங்கிட்டேர்ந்து ஆயிரத்து இருநூத்தம்பது கெளம்பி
அவன்கிட்ட எழுபத்து மூணாப் போய்ச் சேந்திருக்கு.
மீதி எந்த வளைவுல எறங்குச்சு?"

கணக்கை அப்படிப் போடக் கூடாது என்று ஆரம்பித்தேன்.
அசல் வேறு, காலம் வேறு, பிணை வேறு.
எல்லாம் உண்மைதான்.
டெபாசிட்டுக்கான சுற்றறிக்கை வந்த அன்றே அமலாகும்,
கடனுக்கானது அடுத்த காலாண்டுவரை காத்திருக்கும்
என்பதும் உண்மை.
அதைச் சொல்லவில்லை.
தண்ணீர் குடித்தேன்.

"நானூற்று நாற்பத்து நான்கு நாள் திட்டம் ஒன்று இருக்கிறது,
கால் சதவீதம் கூடுதல்."
முதல் முறையாகச் சிரித்தார்.
"அத்தனை நாள் நான் இருப்பேன்னு
பேங்க்குக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

எனக்கும் பென்ஷன் கிடையாது, சிஸ்டர்.
சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு
எங்கோ ஒரு திரையில் ஏறி இறங்குகிறது.
சொல்லியிருந்தால் என் கையைப் பிடித்து
நாடி பார்த்திருப்பார். அதனால் சொல்லவில்லை.

நியமனதாரர்: ரூபன்.
வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற படிவம்: கையெழுத்து, மூன்று இடம்.
புது விகிதத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லி,
மருந்துச் சீட்டை மடிப்பது போல மடித்து
நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு விடுதிக்காரர் போனில் வந்தார்.
இன்னும் கால் சதவீதம் குறைக்கப் பார்க்க முடியுமா என்றார்.
மேலே எழுதினேன். ஐந்துக்குள் பதில் வந்துவிட்டது:
பேச்சுக்கு உட்பட்டது, பரிசீலிக்கவும்.

பேச்சுக்கு உட்பட்டது.
சிஸ்டரின் படிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்,
முன்பக்கம், பின்பக்கம், பொடி எழுத்து.
அப்படி ஒரு வரி அதில் அச்சிடப்படவே இல்லை.

குளிருதுங்க, கதவைச் சாத்தட்டுமா என்றார் காவலாளி அர்ச்சுணன்.
சாத்துங்கள் என்றேன்.
பனி உள்ளேதான் இருந்தது.