வரிசையாக ஓட்டாதே

டோர்ஷவ்னில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
ரன்வா நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.
அவள் திரையில் ஒரு நோட்புக்,
நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்,
ஹேடாக் மீன்களின் முப்பது வருஷக் கணக்கு.

எழுதியவன் ஹெய்னி.
இப்போது பெர்கனில் படகு எஞ்சின் விற்கிறான்.
போகும்போது சொன்னது இவ்வளவுதான்:
"ஓடும். ஆனால் வரிசையாக ஓட்டாதே."

இடதோரத்தில் ஓடிய வரிசையின் எண்கள்:
3, 4, 211, 5, 97, அப்புறம் வெறுமை.
இடையிடையே அவன் குறிப்புகள்.
'1996க்கு முந்தைய வருஷமா? அடுத்த மூன்றை விட்டுவிடு.'
'எண் குறைந்தால் மேலே போ,
வலை அகலம் என்ற தலைப்பைத் தேடு,
ஓட்டிவிட்டு இங்கேயே வா.'
'புதன்கிழமை என்றால் இதை இரண்டு தரம்.'

ஏன் புதன்?
துறைமுகத்தில் எடை போடுபவர் சொன்னார்:
செவ்வாய் இரவு வரும் கப்பல்
பாதிக் கணக்கைக் காலையில் தரும்,
மீதியை யாராவது கேட்டால் தரும்.

முதல் வாரம் அவளும் பாண்டி ஆடினாள்.
ஒற்றைக் காலில் ஒரு கட்டம்,
இரட்டைக் காலில் இரண்டு.
சில்லு எங்கே விழுந்ததென்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

வியாழன் மாலை, விளக்குகள் அணைந்த பின்
கர்னலைக் கொன்று மறுபடி எழுப்பினாள்.
மேலிருந்து கீழே. ஒரு தாவலும் கூடாது.
முப்பத்தொன்றில் நின்றது:
'திருத்தம்' என்று எவரையும் எனக்குத் தெரியாது.

தேடினாள். எந்தக் கட்டத்திலும் இல்லை.
எப்போதோ அழித்த ஒரு கட்டத்தில் பிறந்து
நினைவகத்தில் மட்டும் உயிரோடிருந்த எண்.
கீழே முன்னூற்றெண்பத்தொரு கட்டங்கள்
அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன.
விட்ட குறை, தொட்ட குறை.

போனில் ஹெய்னி யோசித்தான்.
"0.83. இல்லை இரு, 0.38."
அவன் பின்னால் ஏதோ ஓர் எஞ்சின் இருமியது.

ரூனவீக்குக்குப் போகும் வழி கடலுக்கடியில்.
சுரங்கத்தின் நடுவே, அத்தனை தண்ணீருக்கும் கீழே,
ஒரு ரவுண்டானா.
எவரும் பாறையைத் துளைத்துப் பாய்வதில்லை.
பலகை சொல்கிறது, திரும்புகிறார்கள்.
அன்று அவள் வழியைத் தவறவிட்டு
இரண்டு சுற்று அதிகம் சுற்றினாள்.
பின்னால் வந்த மீன் லாரி ஹாரன் அடித்தது.

'விட்டுவிடு'க்களை எல்லாம்
ஒரு 'என்றால்' கீழே நான்கு இடம் தள்ளி எழுதினாள்.
மேலே போய் வரச் சொன்னது ஒரு ஃபங்ஷன் ஆனது;
யார் கூப்பிட்டாலும் போகும்,
கூப்பிட்டவரிடமே திரும்பும்.
புதன்கிழமை ஒரு லூப்புக்குள் அடங்கியது:
மீதிக் கணக்கு வரும்வரை.
மூன்று வாரம் என்றிருந்தாள், ஒன்பது ஆயிற்று.
கட்டங்கள் எழுபத்தாறு.

இப்போது மேலிருந்து கீழே ஓடுகிறது,
இரண்டு முறை, இரண்டு எண்களுக்கும்.
ஒன்றில் மீன் ஏராளம்.
இன்னொன்றில் படகுகள் கரையிலேயே நிற்க வேண்டும்.

முதல் கட்டத்தின் முதல் வரியில்
எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைத்தாள்:
திருத்தம். எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது.
ரன்வா.