படிவம் 12-டி

கிளீட்டஸ் வீட்டுக்கு ஓட்டுப்பெட்டி போன காலையில்
நாங்கள் ஆறு பேர்.
இரண்டு அலுவலர், ஒரு போலீஸ், வீடியோ பையன்,
மடித்த மறைப்பு அட்டையைக் கக்கத்தில் இடுக்கிய டிரைவர்,
வழி காட்ட நான்.
சின்னத்துறை அங்கன்வாடியில் கஞ்சி ஊற்றுகிறவள்,
தேர்தல் வந்தால் இந்தப் பாகத்தின் அலுவலர்.

ஒற்றை அறை வீடு.
ரகசியம் வேண்டுமென்றால் மற்றவர்கள் தெருவில் நிற்கவேண்டும்.
பெண்டாட்டி போனாள், பிள்ளைகள் போனார்கள்,
அடையிருந்த கோழி மட்டும் எழும்ப மாட்டேன் என்றது.
"அதுக்கு ஓட்டில்ல, இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

வின்ச் கயிறு கொண்டுபோன இடது கால்.
சான்றிதழில் எழுபது சதவீதம்.
நாற்பது இருந்தாலே போதும், பெட்டி வீடு வரும்.
அட்டைக்குப் பின்னால் பேனா ஒருமுறை நகர்ந்தது.
உறையை எச்சில் தொட்டு ஒட்டப்போனான்,
பசைக்குப்பியை நீட்டினேன்.

"டீச்சரே,
எனக்க காலு போனதுனால எனக்க ஓட்டு வீட்டுக்கு வந்து.
தம்பிக்கு ரெண்டு காலும் இருக்கு.
அவனுக்க ஓட்டு எப்பம் வரும்?"

வீடியோ பையன் கேமராவைத் தாழ்த்தினான்.

தம்பி ரெஜிஸ், கரை விட்டு முப்பத்தொரு நாள்.
தூண்டில் போட்டு, பதினொரு ஆள்,
லட்சத்தீவுக்கும் மேற்கே எங்கேயோ.
அதே தெருவின் ஜோபின் லடாக்கில் பனிக்குள் நிற்கிறான்;
அவனுக்குச் சீட்டு கம்ப்யூட்டர் வழி போகிறது, தபாலில் திரும்புகிறது.
நித்திரவிளைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும் உண்டு.
படிவத்தின் கடைசி வகை, அத்தியாவசியப் பணி.
"மீன் அத்தியாவசியமில்லியா?"
படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தாலுகா ஆபீஸ் கூட்டத்தில் இதைக் கேட்டேன்.
கேட்டிருக்கவேண்டாம்.
"கடலுக்குப் போற சீட்டை யாரு காவல் காப்பா?
ஓனர் சொல்ற சின்னத்தில பதினொண்ணும் விழும்"
என்றார் ஒரு ஏஜெண்ட்.
"தேர்தலைத் தடைக்காலத்தில வையுங்க" என்றார் இன்னொருவர்.
"புறப்படும் முன்னே துறைமுகத்தில ஒரு பெட்டி வைச்சா?"
"வேட்பாளர் யாருன்னே தெரியாத நாள்ல புறப்படுறானே, என்னத்தப் போடுவான்?"
தாசில்தார் டீயை முடித்துவிட்டுச் சொன்னார்:
விதியில் இல்லை.

ஓனர் சமாச்சாரம் பொய்யில்லை.
அட்வான்ஸ் வாங்கின கை எங்கே குத்தும் என்று எனக்கும் தெரியும்.
பதினொரு பேர் தோள் இடித்துத் தூங்கும் கேபினில்
அந்த அட்டையை எங்கே நிறுத்துவது?
வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது,
கோழியோடு நிறுத்தினோமே.

முந்தின இரவு பட்டியல் எழுதவேண்டும்:
வராதவர், இடம் மாறியவர், இறந்தவர்,
மூன்றுக்கும் சேர்த்து ஒரே தாள்.
ஒக்கிக்குப் பிறகு இந்தத் தாளில் எனக்கு எழுத்து ஓடாது.
அந்த மாதங்களில் எங்கள் கரையில்
முதல் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் நடுவே
பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
ரெஜிஸ் பெயரில் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்.
அவன் வராதவன் இல்லை, போயிருக்கிறான்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஆறு மணிக்கு எந்திரத்துக்கு அரக்கு வைத்தார்கள்.
ஆயிரத்து நூற்றி இருபத்தாறில் விழுந்தது ஐந்நூற்றி எண்பத்தெட்டு.
"உங்க ஊருக்கு ஜனநாயகத்தில அக்கறை குறைவு"
என்றார் மண்டல அலுவலர், கோபமில்லாமல், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

ராத்திரி கிளீட்டஸ் வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.
போட்டிலிருந்து போட்டுக்குக் கைமாறி,
இடையில் யாரோ இருமி,
ரெஜிஸின் சேதி வந்தது:
கேரை பரவாயில்லை, ஐஸ் இன்னும் ஒன்பது நாளைக்கு உண்டு,
ஓட்டு முடிஞ்சா?

முடிஞ்சு, என்றான் அண்ணன். எண்ண இன்னும் ஒரு மாசம் இருக்கு.

இரைச்சல். பிறகு, சந்தோஷமாகவே:
"அப்பம் எண்ணுறதுக்கு முன்ன
நான் வந்துருவேன்லே."