இரண்டு மில்லிலீற்றர்

கண்ணாடிக் குழாய் கூடாது.
பிளாஸ்ரிக்கிலும் எல்லாம் சரிவராது.
அமிலொயிட் ஒட்டிக்கொள்ளும் சாமான்;
கிடைத்த சுவரில் ஏறி இருந்துவிடும்,
பிறகு நீரில் தேடினால் குறைவாகக் காட்டும்.
அந்தக் குறைவுதான் வியாதிக்கும் அடையாளம்.
பிழையான ஒரு குழாய் போதும்
சும்மா மறதிக்காரரை நோயாளி ஆக்க.
இதை மூன்று தாதியருக்கும் இரண்டு மொழியில் சொல்லியாயிற்று.

பிலோமினா அந்தோனிமுத்து, ஐம்பத்தெட்டு.
நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்.
முப்பத்தோராண்டாகப் புதுக்கடையில் இறங்கியவர்
ஒருநாள் தெமட்டகொடைவரை போய்
பஸ்ஸுக்குள்ளேயே இருந்தாராம்.
மகள் சொன்னாள்.
"றோட்டை மாற்றிவிட்டார்கள்" என்றார் இவர்.

இடப்பக்கம் சரிந்து, முழங்கால் நெஞ்சில் முட்ட
இறால் போல வளைந்து கிடந்தார்.
டொக்டர் சிங்களத்தில் சொன்னார்,
அசைய வேண்டாம், இப்போது ஊசி ஏற்றப் போகிறேன் என்று.
சுவரைப் பார்த்தபடி அவர் தமிழில் சொன்னார்:
"அசைய வேண்டாம். நான் இப்போது ஊசி ஏற்றப் போகிறேன்."
யாருக்குச் சொல்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.
தொழில் பழக்கம்.
கூண்டில் நிற்பவன் கொன்றேன் என்றால்
கொன்றேன் என்றே சொல்ல வேண்டும்,
கொன்றானாம் என்றல்ல.
அந்த வாயால் எத்தனை கொலை,
எத்தனை காணி உறுதி, எத்தனை விவாகரத்து,
எல்லாவற்றிலும் "நான்", "நான்" என்று.

முதல் சொட்டுகளில் இரத்தம். ஒதுக்கினோம்.
பிறகு வந்தது நிறமற்றது,
யன்னலில் வழிந்த மழைக்கும் அதற்கும்
கண்ணுக்கு வித்தியாசமில்லை.

கூரியர்க்காரன் வரவில்லை.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
த்ரீவீலில், பொரளைச் சந்தியில், நாற்பது நிமிடம்.
கனத்தை மதிலோரம் பூக்காரர்கள்
வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றினார்கள்.
"உள்ளே என்ன, மீனா?" என்றான் சாரதி.
மருந்து என்றேன்.

அமிலொயிட் இறங்கியிருந்தது. டௌ ஏறியிருந்தது.
நீரில் காணாதது வீட்டுக்குள் தங்கிவிட்டது;
நீரில் மிதப்பது
உள்ளே இடிந்துகொண்டிருப்பதின் தூள்.
மறுபடியும் ஓட்டினேன். அதே எண்கள்.
மூன்றாம் தரத்துக்கு இரசாயனம் இல்லை,
டொலர் விலை.

மகள் பாமசி வரிசையில் நின்றபோது
உறையை அவரே பிரித்துவிட்டார்.
ஆங்கிலம்.
கவுண்டர் முன்னால் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி,
ஒரு சொல்லும் இடறாமல் தமிழில் வாசித்தார்:
"இம்முடிவுகள் அல்சைமர் நோயுடன் பொருந்துகின்றன.
மருத்துவரின் அவதானிப்புடன் சேர்த்தே
இவை கருதப்பட வேண்டும்."
பொருந்துகின்றன.
என்ன துப்பரவான சொல்!
இவ்வளவு காலமும் நான்
"ஒத்துப்போகுது" என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.
"எதிரி இன்றைக்கு மன்றுக்கு வந்திருக்கிறாரா?"

மகள் வந்துகொண்டிருந்தாள், மிச்சக் காசை எண்ணியபடி.
நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.
தலையை ஆட்டியிருப்பேன்.

மீதி அரை மில்லிலீற்றர் இன்னும் இருக்கிறது,
மைனஸ் எண்பதில், மேல்தட்டில், பெயரில்லாமல்.
இலக்கம் 0417.
கரண்ட் போகும் இரவுகளில் காவலாளி ஜயதிஸ்ஸ
டோர்ச் லைற்றோடு இறங்கிப்போய்
ஜெனரேற்றரில் டீசல் பார்ப்பார்.
நேற்று அரைத் தாங்கிதான் இருந்ததாம்.