விருப்பமான துறை

ஐந்தாம் கேள்வி இது:
உமக்கு விருப்பமான துறை?
பக்கத்தில் ஒன்றரை வரிக்குப் புள்ளிக்கோடு.

பதினொரு பெயர்கள்.
வரவு இடாப்பில் சிவப்பு விழுந்தவற்றை
அரிசியில் கல் பொறுக்குவது போல் பொறுக்கித் தந்தார்
உதவி அதிபர்.
"கணக்குக்கு டபிள்யூ எடுக்கப்போறதுகள் மிஸ், பாருங்கோ."
சுற்றறிக்கை இவர்களை இன்னும் நீளமாக அழைக்கிறது:
இடைவிலகும் அபாயமுடைய இளையோர்.

ஹம்தா, தாதி என்று எழுதியிருந்தாள்.
அழித்து, அழகுக்கலை.
அழித்து, மறுபடியும் தாதி.
கடதாசி அந்த இடத்தில் ஓட்டையாகியிருந்தது.
டிலுக்சன்: கட்டார்.
துறையைக் கேட்டால் நாட்டைச் சொல்கிறான்.
பிழையென்று சொல்ல என்னிடம் நியாயமில்லை.
"கிடைக்கிறது" என்று ஒருத்தி.

பவிஷ்ணன் வரவில்லை.
படிவத்தை மட்டும் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டிருந்தான்,
முத்து முத்தான எழுத்தில்:
இறங்குதுறை.

கந்தோரில் எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான்,
சோறு புரைக்கேறும் அளவுக்கு.

பிறகு கணினியில் பதியப் போனால்
அந்தச் சொல்லுக்குப் பெட்டி இல்லை.
விவசாயம் இருந்தது, சுற்றுலா, தையல், தகவல் தொழில்நுட்பம்.
ஏனையவை என்று ஒன்றும் இருந்தது.
அதை அழுத்த விரல் போகவில்லை.

செவ்வாய், எட்டே கால்.
மூதூர்ப் படகு கட்டும் இடத்தில்
வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை,
கழுத்துப்பட்டியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி
உட்கார்ந்திருந்தான்.
பள்ளிக்கூடம் போகாமல் விட்டு மூன்று மாதம்.
உடுப்பு மட்டும் தினமும் போகிறது.

"அம்மா மா ஆலையில மூட்டை தைக்கிறா மிஸ்.
ரெண்டு மணிக்குத்தான் வருவா."
"அதுக்கு ஏன் இங்க?"
"இங்க இருந்தா
ஏன் சும்மா இருக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.
படகுக்கு நிக்கிறான் எண்டு நினைப்பாங்க."

விருப்பமான துறை.
அவன் ஒரு சொல்லும் பொய் எழுதவில்லை.

என் பையில் துண்டுப்பிரசுரம்.
அதில் மஞ்சள் தொப்பி போட்டுச் சிரிக்கும் பையனை
இந்த மாவட்டத்தில் எங்கும் நான் கண்டதில்லை.
குளிரூட்டி திருத்தும் பயிற்சி, ஆறு மாதம்,
கட்டணம் இல்லை, சான்றிதழ் உண்டு.
"பஸ் காசு?"
"தருவாங்க."
"எப்ப?"
மூன்றாம் மாதம் முடிய, என்றேன்.
எத்தனையோ பள்ளிக்கூடங்களில் சொன்ன வசனம்தான்.
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

எனக்கும் மார்கழியோடு ஒப்பந்தம் முடிகிறது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

அந்த நேரம் மான் ஒன்று வந்தது.
இந்த ஊர் மான்களுக்குக் காடு என்பது குப்பைத்தொட்டி.
என் கையிலிருந்ததை இழுத்து,
மஞ்சள் தொப்பியிலிருந்து தின்னத் தொடங்கியது.
"மிஸ், அதுக்கும் வேலை வேணுமாம்."
முதல் தடவையாகச் சிரித்தான்.
படகு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள்,
மீன்பெட்டி, சைக்கிள், கைக்குழந்தை.
நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.

அடுத்த திங்கள்
உப்புவெளிப் பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்றேன்.
எட்டு மணி பஸ்ஸில் அவன் இல்லை.
எட்டரையிலும் இல்லை.
ஒன்பது பத்துக்கு நடந்து வந்தான்,
வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை.
"தம்பி, இது பள்ளிக்கூடமில்லை" என்றார் காவலாளி.
"தெரியும்.
அம்மாட்ட இன்னும் சொல்லேல்ல."

உள்ளே போனான்.
பஸ் காசுக்கு என்ன செய்தோம் என்பது
அறிக்கையில் இல்லை.
நாளைக்கும் வருவானா என்பதும்.

டிலுக்சன் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துவிட்டானாம்.
ஹம்தாவின் படிவம் மேசையில் கிடக்கிறது.
அந்த ஓட்டைக்குள்ளால்
அடியில் இருக்கும் பிள்ளையின் பெயர் தெரிகிறது,
பாதி.